லியர் எதைப் பார்த்துச் செத்தான்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழ் முழுக்க ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ பற்றிய கேள்விகள்தான். கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எண்பது வயதைத் தாண்டிய பிரிட்டன் அரசன் லியர், நாட்டை மூன்று மகள்களுக்கும் பங்கு போடுகிறான். ‘என்மேல் யாருக்கு அதிக அன்பு?’ என்று சபையில் கேட்கிறான். மூத்தவள் கோனரிலும் நடுப்பெண் ரீகனும் வாயாரப் புகழ்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா, தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். அவளை விரட்டுகிறான். பிறகு மூத்த மகள்களோடும் முறிந்து, புயலில் அலைந்து, புத்தி பேதலிக்கிறான். மீட்க வந்த கார்டீலியா போரில் தோற்று, சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உடலை ஏந்தி வந்து லியரும் இறக்கிறான். இதற்கு இணையாக இன்னொரு கதை ஓடுகிறது. க்ளாஸ்டர் பிரபு, மணத்துக்கு வெளியே பிறந்த மகன் எட்மண்டின் பொய்யை நம்பி நல்ல மகன் எட்கரைத் துரத்துகிறான். பிறகு தன் இரு கண்களையும் இழக்கிறான்.

கேள்வி: கடைசியில் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பி, ஆனந்தத்தில் லியர் உயிர் விட்டான் என்கிறது ஒரு நூல். துக்கத்தில் நெஞ்சு வெடித்துச் செத்தான் என்கிறது இன்னொன்று. ஒரே நாடகத்துக்கு இரண்டு முடிவா?

பதில்: ஆமாம். நாடகமே இரண்டு பிரதிகளாகத்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. 1608இல் தனிப் புத்தகமாக வந்தது ‘குவார்ட்டோ’. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், அவர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் வந்தது ‘ஃபோலியோ’. இரண்டுக்கும் கடைசிக் காட்சியே வேறு.

குவார்ட்டோவில் லியர், ‘இனி நீ வரமாட்டாய்’ என்று சொல்லி, ஒருபோதும் இல்லை என்பதை மூன்று முறை திருப்பிச் சொல்கிறான். பக்கத்தில் நிற்பவரிடம், இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள் என்கிறான். நன்றி சொல்கிறான். பிறகு வெறும் ஓலம்: ஓ, ஓ, ஓ, ஓ. அதற்கப்புறம், நெஞ்சே உடைந்து போ என்று தானே கெஞ்சுகிறான். அவன் கடைசி வாக்கு அதுதான். ஆனந்தம் நுழைய இங்கே இடமே இல்லை.

ஃபோலியோவில் அந்த ‘ஒருபோதும்’ ஐந்து முறை வருகிறது. பொத்தான் உண்டு, நன்றி உண்டு, ஓலம் இல்லை. அந்த இடத்தில் புதிதாக இரண்டு வரிகள்: இதைப் பார்க்கிறீர்களா, அவளைப் பாருங்கள், அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள், அங்கே! அத்தோடு உயிர் போகிறது. நெஞ்சு உடையட்டும் என்ற வாக்கு விசுவாசி கென்ட்டின் வாய்க்குப் போய்விடுகிறது.

ஆனந்தத்தில் செத்தான் என்ற விளக்கத்துக்கு முகவரி விமர்சகர் ஏ.சி. ப்ராட்லி. 1904இல் வெளியான அவரது புகழ்பெற்ற விரிவுரைகளில் அதைச் சொன்னார். இந்த நாடகத்துக்கு ‘லியர் மன்னனின் மீட்பு’ என்று பெயர் வைத்தால்கூடத் தகும் என்றார். அவர் வாதம் முழுவதும் ஃபோலியோவின் அந்த இரண்டு வரிகள் மீது நிற்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் விளக்கமும் போய்விடும்.

ஃபோலியோவை மட்டும் வைத்துக்கொண்டாலும் வழக்கு முடிவதில்லை. அதே காட்சியில் சற்று முன்னால் லியர் ஒரு கண்ணாடி கேட்கிறான், மூச்சுப் பட்டு மங்குகிறதா என்று பார்க்க. பிறகு இறகு ஒன்றை உதட்டருகே பிடித்து, அசைகிறது, உயிர் இருக்கிறது என்று கத்துகிறான். அடுத்த சில வரிகளில், போய்விட்டாள் என்கிறான். ஆக, உதட்டைப் பாருங்கள் என்னும்போது அவன் ஏற்கெனவே ஏமாந்தவன் என்பது பார்வையாளருக்குத் தெரியும். லியரின் மனதில் அந்த நொடியில் ஆனந்தம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆனந்தத்துக்கு ஆதாரமான செய்தி பொய். ப்ராட்லிக்கும் இது தெரியும். ஏமாற்றம் என்ற உணர்வோடு மட்டும் நாம் நின்றுவிடக் கூடாது என்பதே அவர் வேண்டுகோள். என் கணிப்பில் அவர் சொன்னது லியரின் மனநிலைக்குப் பொருந்துகிறது, நாடகத்தின் முடிவுக்குப் பொருந்தவில்லை. பொய்யான நிம்மதியோடு ஒருவன் சாவதைப் பார்ப்பது துக்கத்தைக் குறைப்பதில்லை, இன்னும் கூட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் எந்தப் பதிப்பை வாங்குவது? இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பதிப்பாசிரியர்கள் இரண்டு பிரதிகளையும் கலந்து ஒன்றாக அச்சிட்டார்கள். நீங்கள் படித்தது பெரும்பாலும் அந்தக் கலவைதான். ஃபோலியோவில் இல்லாத ஏறக்குறைய 300 வரிகள் குவார்ட்டோவில் உண்டு. குவார்ட்டோவில் இல்லாத ஏறக்குறைய 100 வரிகள் ஃபோலியோவில் உண்டு. 1986இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு முழுத்தொகுப்பு இரண்டையும் தனித்தனி நாடகங்களாகவே அச்சிட்டது. ஆசிரியரே தன் நாடகத்தைத் திருத்தி எழுதினார் என்பது அந்தத் தரப்பின் நிலை. இல்லை, மூல நாடகம் ஒன்றுதான், அச்சகத்திலும் அரங்கத்திலும் வெட்டுப்பட்டது என்று 2016இல் ஆய்வாளர் பிரையன் விக்கர்ஸ் ஒரு நூல் முழுக்க வாதாடினார்.

வாங்குவதென்றால் ஆர்.ஏ. ஃபோக்ஸ் பதிப்பித்த ஆர்டன் மூன்றாம் வரிசைப் புத்தகம் (1997) வசதி. கலவைப் பிரதிதான், ஆனால் ஒரு பிரதியில் மட்டும் உள்ள பகுதிகளின் இரு முனையிலும் சிறிதாக ‘க்யூ’ (குவார்ட்டோ) அல்லது ‘எஃப்’ (ஃபோலியோ) எழுத்து போட்டிருப்பார்கள். பென்சில் எடுத்து ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் காட்சியில் லியரின் அறிவிப்பு, லியரின் நூறு வீரர்களைப் பற்றி முதல் அங்கம் நான்காம் காட்சியில் கோனரில் பேசுவது, மூன்றாம் அங்கத்தில் பைத்தியக்கார விசாரணை, க்ளாஸ்டரின் கண்கள் போனபின் வேலைக்காரர்கள் பேசுவது, கடைசிக் காட்சி. பிறகு எந்த விமர்சகரை எடுத்தாலும், அவர் இந்த ஐந்தில் எதன்மேல் சாய்கிறார் என்று பாருங்கள். லியர் ஒரு முக்காலியைக் கோனரிலாக நிறுத்திக் குற்றம் சாட்டும் விசாரணையை அபத்த நாடகம் என்று கொண்டாடும் கட்டுரை, குவார்ட்டோவில் மட்டுமே இருக்கும் ஒரு பகுதியைக் கொண்டாடுகிறது. அதே கட்டுரை ஃபோலியோவின் கடைசி வரிகளையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு பிரதிகளிலிருந்தும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: கோனரிலும் ரீகனும் கொடியவர்கள்தானே? அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்று சிலர் எழுதுவது வலிந்து சொல்வதாகப் படுகிறது.

பதில்: முதல் இரண்டு அங்கங்களுக்கு அது வலிந்த வாதம் இல்லை. முடியைக் கொடுத்துவிட்ட லியர் 100 வீரர்களை மட்டும் தன்னோடு வைத்துக்கொள்கிறான். மகள்கள் வீட்டில் மாதம் மாறி மாதம் தங்குவதாக ஏற்பாடு. ஆட்சி உங்களுடையது, படை என்னுடையது என்ற இந்த ஏற்பாடு எந்த வீட்டிலும் நிலைக்காது. ஃபோலியோவில் கோனரிலுக்குக் கூடுதலாகச் சில வரிகள் தரப்பட்டிருக்கின்றன: நூறு ஆயுததாரிகளை அருகில் வைத்துக்கொண்டு, கனவு கண்டாலும் கோபம் வந்தாலும் எங்கள் உயிரையே மிரட்டலாமே என்கிறாள். அக்கா கடமை தவறியிருக்க மாட்டாள் என்று ரீகன் வாதாடும் வரிகளும் ஃபோலியோவில் மட்டுமே. ஆகவே மகள்களுக்கு நியாயம் தேடும் வாசிப்பு ஃபோலியோவில் கொஞ்சம் தெம்பாக நிற்கும்.

அந்த வீரர்கள் உண்மையில் ரகளை செய்தார்களா? நாடகத்தில் பேசும் ஒரே வீரன் மரியாதையாகத்தான் பேசுகிறான். குற்றச்சாட்டு கோனரிலுடையது, மறுப்பு லியருடையது. மேடையில் காட்டுவது இயக்குநர் பொறுப்பு. 1962இல் பீட்டர் புரூக் இயக்கி, பால் ஸ்கோஃபீல்டு லியராக நடித்த ஸ்ட்ராட்ஃபோர்டு தயாரிப்பில் வீரர்கள் மேசைகளைக் கவிழ்த்து அட்டகாசம் செய்தார்கள். கோனரிலின் புகாரை அதற்குப் பிறகு யாரும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நீங்கள் நாடகம் போடுகிறவர் என்றால் இதைக் கவனியுங்கள்: லியருக்குப் பின்னால் இரண்டு பேர் சும்மா நின்றால் கோனரில் பொய்காரி ஆகிவிடுவாள். எட்டு, பத்துப் பேர் சேற்றுக் காலணியோடு சத்தமாக உள்ளே வந்தால் அரங்கம் முழுக்க அவள் பக்கம் ஒரு கணம் சாயும். வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் எண்கள் விழுவதைப் பாருங்கள். நூறு வீரர்கள் ஏற்கெனவே ஐம்பதாகிவிட்டார்கள். ரீகன் இருபத்தைந்து என்கிறாள். லியர் உடனே கோனரில் பக்கம் திரும்பி, உன் ஐம்பது இவளது இருபத்தைந்தைப்போல் இரு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரு மடங்கு என்கிறான். முதல் காட்சியில் அன்பை நிலத்தால் அளந்தவன், இப்போது தலை எண்ணி அளக்கிறான். கோனரில் பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்கிறாள். ரீகன், ஒன்று எதற்கு என்று முடிக்கிறாள். அப்பாவின் கணக்கு முறையை மகள்கள் அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாடகத்தில் இதைவிடக் கச்சிதமாக எழுதப்பட்ட பகுதி வேறில்லை என்பேன்.

பெண்ணிய விமர்சகர்கள் 1980களில் இதை இன்னொரு கோணத்தில் எடுத்தார்கள். மகள்கள் கீழ்ப்படியவில்லை என்றால் உலகமே குலையும் என்பதுபோல நாடகம் கட்டப்பட்டிருக்கிறது, லியருக்காக அழும் பார்வையாளர் அந்தக் கட்டமைப்புக்கும் சேர்த்துத் தலையாட்டுகிறார் என்றார் கேத்லீன் மெக்லஸ்கி (1985). இந்த வீட்டில் தாயே இல்லை என்பதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்தார் கோப்பீலியா கான் (1986). இதற்கு நல்ல சான்று உண்டு. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய ‘லெயிர்’ நாடகம் (1605இல் அச்சானது) அரசியின் மரணத் துக்கத்தோடுதான் தொடங்குகிறது. ஷேக்ஸ்பியர் அவளை நீக்கிவிட்டார். க்ளாஸ்டரின் கண்ணைப் பிடுங்கும்போது ரீகன் உற்சாகமாகத் துணை நிற்பதை மட்டும் எந்த வாசிப்பாலும் மறைக்க முடியாது. அந்தக் காட்சியைத் தொடாமல் தாண்டும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

கேள்வி: கார்டீலியா அன்று இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்காதா?

பதில்: அந்தப் பேச்சில் கொஞ்சம் செருக்கும் முரண்டும் கலந்திருக்கிறது என்று கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜே எழுதியிருக்கிறார். ஆனால் யார் எப்படிப் புகழ்ந்தாலும் பங்குகளின் அளவு மாறப்போவதில்லை. நாடகத்தின் முதல் சில வரிகளிலேயே, பங்குகள் ஏற்கெனவே சமமாகப் பிரிக்கப்பட்டுவிட்டதை கென்ட்டும் க்ளாஸ்டரும் பேசிக்கொள்கிறார்கள். ரீகன் வாய் திறப்பதற்கு முன்பே கோனரிலுக்கு அவள் பங்கைக் கொடுத்துவிடுகிறான் லியர். பரிட்சை வெறும் சடங்கு. தன் செல்ல மகள் சபை நடுவே தன்னைப் புகழ வேண்டும் என்பதற்காக வைத்த சடங்கு. அதில் பங்கெடுக்க மறுத்ததுதான் அவள் செய்தது. நாடகம் முழுவதிலும் அவள் பேசுவது நூறு வரிகளைக் கொஞ்சம்தான் தாண்டும்.

கேள்வி: இது கிறிஸ்தவ மீட்பு நாடகமா, கடவுளே இல்லை என்னும் நாடகமா?

பதில்: மீட்பு என்பவர்களுக்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. ‘தந்தையே, உமது காரியமாகவே நான் போகிறேன்’ என்று கார்டீலியா சொல்வதில் பைபிளின் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. இயற்கையைச் சாபத்திலிருந்து மீட்ட ஒரு மகள் உமக்கு உண்டு என்று லியரிடம் ஒருவர் சொல்கிறார். எதிர்த் தரப்புக்கு க்ளாஸ்டரின் வரி: விளையாட்டுப் பையன்களுக்கு ஈக்கள் எப்படியோ, தேவர்களுக்கு நாம் அப்படி. ஆனால் கண் இழந்தவன் விரக்தியில் சொன்னதை நாடகத்தின் தீர்ப்பு என்று எடுப்பது அவசரம். கடைசியில் எட்கர், தேவர்கள் நியாயமானவர்கள் என்கிறானே. அதையும் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஒவ்வொரு பாத்திரமும் தன் நிலைக்கேற்ற கடவுளை வைத்திருக்கிறது. கதை கிறிஸ்தவத்துக்கு முந்தைய பிரிட்டனில் நடக்கிறது. அந்த உலகின் வெவ்வேறு கடவுள் நோக்குகளைத்தான் பாத்திரங்கள் பேசுகின்றன, மீட்பு வாசிப்பு அவற்றின் மேல் பின்னால் ஏற்றப்பட்டது என்று 1966இல் ஆய்வாளர் டபிள்யூ.ஆர். எல்ட்டன் விரிவாக நிறுவினார். 1960களில் போலந்து விமர்சகர் யான் காட் நாடகத்தை அபத்த நாடக ஆசிரியர் பெக்கெட்டின் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்.

பாத்திரங்கள் சொல்வதை விட்டுவிட்டு மேடையில் நடப்பதைப் பாருங்கள். கார்டீலியாவைக் கொல்ல ஆணை போயிருப்பது தெரிந்ததும் கோனரிலின் கணவன் ஆல்பனி, ‘தேவர்கள் அவளைக் காக்கட்டும்!’ என்கிறான். நான்கைந்து சொல் கழித்து அடுத்த மேடைக் குறிப்பு: கார்டீலியாவைக் கைகளில் ஏந்தி லியர் வருகிறான். இரண்டு பிரதிகளிலும் இது இப்படியே இருக்கிறது. பிரார்த்தனைக்கும் பதிலுக்கும் நடுவே ஷேக்ஸ்பியர் இடைவெளியே விடவில்லை. மீட்பு வாசிப்பு இந்த இடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் படித்த எதுவும் திருப்தியாகச் சொல்லவில்லை.

கேள்வி: இந்த நாடகத்தைச் சுப முடிவோடு நடித்தார்களாமே?

பதில்: ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். 1681இல் கவிஞர் நாஹம் டேட் திருத்தியதில் லியருக்கு முடி திரும்பக் கிடைக்கிறது, கார்டீலியா எட்கரை மணக்கிறாள், லியரின் அரசவைக் கோமாளியான விதூஷகன் பாத்திரமே கிடையாது. 1823இல் நடிகர் எட்மண்ட் கீன் சோக முடிவை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். 1838இல் நடிகர் மெக்ரெடி, விதூஷகனையும் சேர்த்து, ஷேக்ஸ்பியரை மீட்டார். விதூஷகனாக ஒரு நடிகை நடித்தார். நடுவில் 1810 முதல் 1820 வரை, மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயில் இருந்ததால், லண்டன் மேடைகளில் எந்த முடிவோடும் லியர் வரவில்லை.

டேட்டைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். கார்டீலியாவின் சாவு தன்னை எவ்வளவு உலுக்கியது என்றால், பதிப்பாசிரியராக உட்காரும்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணிந்ததாக நினைவில்லை என்று 1765இல் சாமுவேல் ஜான்சன் எழுதினார். பழைய ‘லெயிர்’ நாடகத்திலும் அரசன் பிழைத்து முடியைத் திரும்பப் பெறுகிறான். ஆகவே 1606 டிசம்பர் 26 அன்று வைட்ஹால் அரண்மனையில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பார்த்தவர்களில் பழங்கதை தெரிந்தவர்களுக்கு இந்த முடிவு பேரிடியாக இருந்திருக்கும்.

கேள்வி: டோவர் மலைமுனைக் காட்சியில் பார்வையாளர்கள் சிரித்துவிடுகிறார்கள். எப்படித் தவிர்ப்பது?

பதில்: முழுக்கத் தவிர்க்க வேண்டாம். கண்ணிழந்த க்ளாஸ்டர் குதித்துச் சாக வந்திருக்கிறான்; யாரென்று காட்டாமல் கூட வரும் எட்கர், சமதரையை மலைமுனை என்று சொல்லி நம்பவைக்கிறான். இதை விமர்சகர் வில்சன் நைட் 1930இலேயே கோரமும் நகைப்பும் கலந்ததாகப் படித்தார்; யான் காட் இதை ஊமைக்கூத்தாகப் பார்த்தார். சிரிப்பு நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. சிரிப்பு மட்டுமே மிஞ்சினால்தான் தவறு.

தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில் நேர்கிறது. முதலாவது, படியோ சாய்தளமோ போடுவது. தரை சமமாக இருக்கிறதே என்று க்ளாஸ்டரே சொல்கிறான். வெறும் தரைதான் வேண்டும். பாதி உயரத்தில் தொங்கிச் செடி பறிப்பவனையும், எலி அளவில் தெரியும் மீனவர்களையும் எட்கர் வருணிக்கும்போது ஒரு நிமிடம் நமக்கே மலைமுனை இருக்கிறதோ என்று தோன்ற வேண்டும். இரண்டாவது, பெரிய பாய்ச்சல். க்ளாஸ்டர் மண்டியிட்டுப் பிரார்த்தித்த நிலையிலிருந்து தன் உடல் உயரத்துக்கு மட்டும் முன்னால் விழுந்தால் போதும். மூன்றாவது, எட்கரின் அவசரம். கற்பனையே உயிரைப் பறித்துவிடுமோ என்று அவன் தனக்குள் பயப்படும் வரி இருக்கிறது. அதை உண்மையான பயமாகச் சொல்லி, தந்தை அசையும்வரை காத்திருந்து, பிறகே, கீழே கடற்கரையில் நிற்கும் வேறொரு ஆளாக நடிக்கும் குரலுக்கு மாற வேண்டும். அந்த வரியை வெட்டுகிறவர்களுக்குத்தான் சிரிப்பு அடங்குவதில்லை.

புயல் காட்சிகளிலும் இதே எச்சரிக்கை. இடியோசை லியரின் வரிகளுக்கு நடுவில் வர வேண்டும், மேலே ஏறக் கூடாது. குடிசை வாசலில், கூரையற்ற ஏழைகளை நினைத்து, நான் இதைக் கவனிக்காமலே இருந்துவிட்டேன் என்று லியர் சொல்லும்போது ஓசை கிட்டத்தட்ட நின்றிருக்க வேண்டும். அது கேட்காவிட்டால் நாடகத்தின் சமூக வாசிப்பு முழுவதும் பார்வையாளருக்குப் போய்ச் சேராது.

கேள்வி: விதூஷகன் நடுவில் காணாமல் போய்விடுகிறானே?

பதில்: மூன்றாம் அங்கம் ஆறாம் காட்சிக்குப் பிறகு வருவதில்லை, ஏனென்று யாரும் சொல்வதுமில்லை. அவனும் கார்டீலியாவும் ஒருமுறைகூட ஒன்றாக மேடையில் இல்லாததால் ஒரே நடிகர் இரண்டையும் செய்தார் என்ற ஊகம் உண்டு. விதூஷகனாக நடித்தவர் குழுவின் நகைச்சுவை நடிகர் ராபர்ட் ஆர்மின் என்று கொண்டால் அந்த ஊகம் பலவீனமாகிறது.

கேள்வி: நாடகம் முடிந்தபின் நாட்டை ஆள்வது யார்?

பதில்: குவார்ட்டோவில் கடைசி நான்கு வரிகளை ஆல்பனி பேசுகிறான், ஃபோலியோவில் எட்கர். மேடையில் கடைசியாகப் பேசும் உயர்ந்தவன் கையில் ஆட்சி போகிறது என்பது அக்காலத்துச் சோக நாடகங்களின் பொது வழக்கம். ஆனால் இரண்டு பேருமே ஆள்வேன் என்று சொல்வதில்லை. இந்தத் துயரக் காலத்தின் பாரத்துக்குப் பணிவோம், சொல்ல வேண்டியதை விட்டு உணர்வதைச் சொல்வோம் என்பதுதான் பேச்சு.

நடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்காம் அங்கத்தில் ஆல்பனி தன் மனைவி கோனரிலைக் கண்டிக்கும் பேச்சு குவார்ட்டோவில் நீளம். ஃபோலியோவில் பெரும்பகுதி இல்லை. அங்கே ஃபோலியோவைப் பின்பற்றி வெட்டிவிட்டு, கடைசி வரிகளை மட்டும் குவார்ட்டோ வழியில் ஆல்பனிக்குக் கொடுத்தால், அதுவரை அதிகம் பேசாத ஒருவர் திடீரென்று முன்னால் வந்து முடித்துவைப்பார். அந்தக் கண்டிப்பை வைத்துக்கொண்டால் கடைசி வரிகளை ஆல்பனிக்குக் கொடுங்கள். வெட்டினால் எட்கருக்குக் கொடுங்கள்.